மாஸ்டர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

வியாசர்பாடி,
20.8.2003

அன்பு மகள் செங்கொடிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். தண்ணீர் லாரி இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. மதுரையில் உங்கள் ஹாஸ்டலில் எப்படி? வார்டு டியூட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள் என்றாயே, நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் போனில், அம்மா ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டாய். பூத்தில் எனக்குப் பின்னால் ஆள் நின்றதால் சளி என்று சொல்லிவிட்டேன். சளி இல்லை. அவளிடம் கேட்டாலும் சொல்ல மாட்டாள். என்னைப் பற்றி உன்னிடம் குறை சொல்லிப் பழக்கமில்லாதவள். அதனால் நானே எழுதுகிறேன். பெற்ற பெண்ணிடம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஆபீஸ் ஃபைலைவிட அடுப்புதான் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஏப்ரல் பதினாலு அண்ணல் பிறந்தநாள் விழாவுக்கு நம் பிளாக் முழுக்க ஆக்கிப் போட்ட கை. அந்த ஆசையில்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிளாக் வாசலில் பீப் பிரியாணிக் கடை போட்டோம். நான் ஆக்குவேன், அம்மா பரிமாறுவாள். திங்கட்கிழமை சட்டையை இன் பண்ணிக்கொண்டு ராயபுரம் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். சர்க்கார் வேலையில் இருப்பவன் வியாபாரம் செய்யக் கூடாது என்பதால் அங்கே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அது ஒன்றுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் முதல் ஞாயிறு, கடையில் நல்ல கூட்டம். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு ராமசுப்பு சார் பெரம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடைக்கு வந்தார். என்னைப் பார்த்துவிட்டார். "ஜெயவேல், இங்க என்ன பண்றீங்க? வாசனை தூக்குதே, யார் கடை?" என்று சிரித்துக்கொண்டே அருகில் வந்தார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "தெரியல சார், ஃபிரெண்டைப் பார்க்க வந்தேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பிரியாணி தேக்சாவை எட்டிப் பார்த்ததும், "நீங்க தள்ளி நில்லுங்க சார், இதெல்லாம் கலீஜு" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கையில் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றாள். அவளையும் நான் யாரோ மாதிரிப் பார்த்தேன்.

வண்டி சரியாகி அவர் போகும்வரை கடையிலிருந்தவர்கள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள். புளியந்தோப்பிலிருந்து நமக்குக் கறி கொண்டுவரும் அமீருதீன் பாய் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயிறு நிறைந்திருந்த மனுஷர், "அண்ணி, எனக்கு இன்னொரு பிளேட்டு போடுங்க" என்று அம்மாவிடம் தட்டை நீட்டினார். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அம்மா கடைசிப் பிடி சோறு வரைக்கும் பரிமாறி முடித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "கட வேணாம்னா வேணாம்னு சொல்லு. என்னிய யாருன்னு தெரியாதுன்னு கூட சொல்லிக்கோ. ஆனா இத்தப் போய் கலீஜுன்னு சொல்ட்டியே. இத்தத் துன்னுதானே நம்ம பொண்ணு வளந்துச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு நான் எழுந்து வருவதற்குள் அவளே அடுப்பு மூட்டியிருந்தாள். தேக்சா பக்கத்தில் என்னை விடவில்லை. நான் மாடி வராந்தாவில் நின்று பார்த்தேன். அரிசி குழைந்துவிட்டது, மேலிருந்தே எனக்குத் தெரிந்தது. சாப்பிட்ட ஒருத்தர், "இன்னா அண்ணி, டேஸ்டு மாறிகீது?" என்று கேட்டார். "மாஸ்டரு ஆபீசராயிட்டாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் ஆபீசில் ராமசுப்பு சாரிடம் போய் நின்றேன். கடை எங்களுடையது, பரிமாறியது என் மனைவி, ஆக்கியது நான் என்று சொன்னேன். வேலைக்கு என்ன வந்தாலும் வரட்டும் என்றுதான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு உங்க கையில மணிக்கட்டு வரைக்கும் மசாலா, ஜெயவேல். எனக்குத் தெரியாமலா? சங்கடப்படுவீங்களேன்னுதான் பேசாம போனேன்" என்றார். மனைவி பேரில் நடத்தலாம், முறைப்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்து உன் அம்மாவை அல்லவா விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். "அவராண்ட சொன்ன, சரி. அத்தக் கேட்ட ஜனங்களாண்ட இன்னா சொல்லப் போற?" என்றாள்.

போன ஞாயிறு நானாகவே போய்த் தட்டு கழுவினேன். அதற்குத் தடை சொல்லவில்லை. பாய் வந்தார், பிளாக் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை நிமிர்ந்தேன். வாய் வரவில்லை, மறுபடி குனிந்து தேய்த்தேன். கடை முடிகிற நேரத்தில் அம்மா, "உப்பு பார்த்து சொல்லு" என்று ஒரு கரண்டி நீட்டினாள். எல்லாம் விற்றுத் தீருகிற நேரத்தில் எதற்கு உப்பு என்று கேட்காமல் வாங்கிப் பார்த்தேன். இப்போதைக்கு அவ்வளவுதான்.

தீபாவளி லீவுக்கு வருவாய் அல்லவா? போன தடவை உன் தோழி எல்சியும் கூட வருகிறாள் என்றபோது, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம், இப்போது வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளை அடிக்கவில்லை என்பதை நீ வந்ததும் பார்த்திருப்பாய். ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த முறை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நேராகக் கடைக்கே வாருங்கள். அம்மா விட்டால் நான் ஆக்குகிறேன், விடாவிட்டால் பரிமாறுகிறேன். என்ன கறி என்று அந்தப் பெண் கேட்டால் நீ சொல்லிவிடாதே. எல்லார் முன்னாலும் நான் சொல்கிறேன். அம்மா பக்கத்தில் நிற்கும்படி மட்டும் நீ பார்த்துக்கொள்.

எங்கே வேலைக்குப் போனாலும், யார் முன்னால் நின்றாலும், நிமிர்ந்து நின்று நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன் அப்பா,
ஜெயவேல்