கை தூக்கினால் ஏறாத சட்டை

அன்புள்ள டீச்சர்,

நேற்று மதியம் ஆசிரியர் அறையில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். புது சாட்டின் துணியும் சமிக்கி ஒட்டிய பசையும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறியது. இந்த வருஷப் போட்டிக்கு நம் பிள்ளைகள் போடப்போகும் சீருடையின் மாதிரி. பார்க்கத் தெம்பில்லாமல் மூடிவைத்துவிட்டேன். ஓய்வுபெறும் வயதிலும் அதே வாக்குவாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நாளை, இப்போது பள்ளியை நடத்தும் நம் பழைய தாளாளரின் மகனிடம் நான்தான் பேசவேண்டும். நீங்கள் இருந்திருந்தால் பேச்சை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், நான் பக்கத்தில் நின்றால் போதும்.

எண்பதுகளின் கடைசியில் நான் விளையாட்டு டீச்சர், நீங்கள் தையல் டீச்சர். பாட்டுக்கு ஏற்பக் குஞ்சங்களை ஆட்டிக்கொண்டே, ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறி நிற்கும் போட்டிக்கு நம் பள்ளி முதல்முறை பெயர் கொடுத்திருந்தது. பழைய தாளாளர் ஏதோ வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, ரோஸ் நிற சாட்டினில் சட்டையும் குட்டைப் பாவாடையும் தைத்து வாங்கிவந்துவிட்டார்.

உச்சியில் ஏறுகிறவள் முத்துமாரி. அவள் அய்யா வயல் வேலையைப் போட்டுவிட்டு நேரே பள்ளிக்கு வந்தார். "புள்ள ஏறட்டும் டீச்சர், நான் வேணாங்கல. இந்த உடுப்புல வேணாம். நானும் ஊருக்குள்ள நடக்கணும்ல" என்றார். அவர் போனதும் பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று நான் அலுத்துக்கொண்டேன். நீங்கள் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனீர்கள்.

"அவரு சொல்றது இருக்கட்டும். அங்கன அவ கையப் பாருங்க."

பார்த்தேன். முத்துமாரி இரண்டு கையையும் உயர்த்த வேண்டும். கை மேலே போனதும் சட்டை இடுப்புக்கு மேல் ஏறியது. உடனே ஒரு கை இறங்கி அதை இழுத்தது. கீழே நின்றவளின் சாட்டின் தோளில் அவள் பாதம் வழுக்கி வழுக்கி இடம் தேடியது.

"விழுந்துருவோம்னு பயமில்ல அவளுக்கு. சட்ட ஏறுதேன்னுதான் பயம். இப்படியே விட்டா விழத்தான் போறா" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே பிள்ளைகளை நிறுத்தி அளவெடுத்தீர்கள். நிறுத்தி என்று சொல்லக்கூடாது. குனியச் சொன்னீர்கள், குந்தச் சொன்னீர்கள், கையைத் தூக்கச் சொல்லி அப்படியே டேப்பைப் பிடித்தீர்கள். "சும்மா நிக்கிறவளுக்கு அளவெடுத்தா, அது சும்மா நிக்கத்தான் ஆகும்." முழங்காலுக்குச் சற்று மேல் வரும் பருத்திச் சட்டை, அடியில் கால்சட்டை. அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தீர்கள். கை மேலே போனாலும் சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. தாங்குகிறவர்களின் தோளில் சொரசொரப்பான துணி. மஞ்சள் வேண்டாம், போட்டி நடக்கும் கடற்கரை மணலில் கண்ணுக்கே தெரியாது என்று கருநீலம் எடுத்தீர்கள். கையின் நீளத்துக்கும் வெள்ளைப் பட்டை ஓடியது, தூரத்திலிருக்கும் நடுவருக்குக் கை போகும் திசை தெரியட்டும் என்று.

தாளாளர் வந்து பார்த்தார். "என்ன டீச்சர் இது, சோகமா இருக்கு? பளபளன்னு இருக்க வேணாமா?"

"பளபளப்பு கையில இருக்கட்டும் சார்" என்று சொல்லி, அவர் வாங்கிய சட்டை ஒன்றை எடுத்து அவர் முன்னாலேயே குஞ்சத்துக்கு நாடா நாடாவாகக் கத்தரித்தீர்கள்.

போட்டியன்று கடல்காற்று மைதானத்தையே தூக்கியது. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் பாவாடையைப் பிடிப்பதா, குஞ்சத்தைப் பிடிப்பதா என்று தவித்தார்கள். முத்துமாரி ஏறினாள், நின்றாள், இரண்டு கையும் மேலேயே இருந்தன. நமக்கு இரண்டாம் இடம். அவள் அய்யா என்னிடம் வந்து, "கண்ண மூடாமப் பாத்தேன் டீச்சர்" என்றார். தாளாளர், "சாட்டினா இருந்தா மொத இடம்" என்றார்.

அடுத்த வருஷம் துணி வெளியூர் தையல்காரருக்குப் போனது. உங்களை யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் புது உடுப்பு வந்ததும் நான் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தங்கச்சிமடத்துக்கு உங்கள் வீட்டுக்கு வருவேன். சேர்ந்து உட்கார்ந்து தையலைப் பிரிப்போம், துண்டு வைப்போம். நீங்கள் ஓய்வுபெற்ற பிறகும் அது நிற்கவில்லை. ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "சலிச்சுப்போச்சு டீச்சர். ஒரு வருஷமாவது சரியா தச்சு அனுப்ப மாட்டாங்களா?" என்றீர்கள். சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தீர்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டுவிட்டிருந்த பச்சை அங்கியைத்தான் திட்டினீர்கள். "முடிச்ச முதுகுல வச்சிருக்கான் பாருங்க. படுத்துக் கெடக்கிறவ எப்படி எட்டிக் கட்டுவா? இத தச்சவன் ஒரு நாளும் போட்டுப் பாத்திருக்க மாட்டான்." சிரித்தோம். சிரித்ததில் உங்களுக்கு இருமல் வந்தது. நான் முதுகுப்பக்கம் வந்து முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

நான் இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கத் திணறுவேன். ஆனாலும் இன்று காலை உச்சிப்புளி பஸ்ஸில், மேல்கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண் இன்னொரு கையால் சட்டையைக் கீழே இழுத்துக்கொண்டே வந்தாள். இறங்கும்வரை, அவள் அக்குளில் எவ்வளவு துணி சேர்க்கலாம் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.