எதிர்ச் சுவரில் ஒரு பீரோ

3 மார்ச் 1996, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். உங்கள் இருவரின் நலத்தையும் அறிய விழைகிறேன். வாடகைக்கு அறை கிடைத்த செய்தியைத் தாங்கிய உன் கடிதம் மார்ச் 1, வெள்ளியன்று வந்து சேர்ந்தது. நீ அதை என்றைக்கு எழுதினாய் என்று அறியத் தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கடிதத்தின் தலையில் தேதி இடும் வழக்கம் உனக்கு ஏன் பிடிபடவே மாட்டேன் என்கிறதோ தெரியவில்லை.

போகட்டும். அறையின் நீள அகலங்களைத் துல்லியமாக எழுதியிருந்தாய். முப்பத்தோராண்டுகள் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைந்தவன் சும்மா இருப்பேனா? வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கையில் இருப்பது கொஞ்சம் என்று எழுதியிருந்தாய். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாதே. முதலில் அறையில் கொஞ்ச நாள் இருந்து பார். கை தானாக எங்கே போகிறதோ அங்கேதான் அலமாரி வேண்டும். கட்டில் உயரமான கால்களோடு இருக்கட்டும். அடியில் பெட்டிகள் போகும். சுவருக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் நினைக்கவும் வேண்டாம். சிறிய அறையில் நிறம் என்பது கூடுதலாக ஒரு ஆளைக் குடிவைப்பது போல.

பீரோவுக்குச் செலவே இல்லை. என் மகனுடைய மர பீரோ இங்கே இருக்கிறது. அவன் மறைந்த 1993 ஜூன் 11க்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. நீயும் அவனும் ஐந்தாண்டுகள் புழங்கியது. கதவின் உட்புறக் கண்ணாடி எளிதில் ரசம் போகாத வகை. வாசலுக்கு எதிர்ச் சுவரில் அதற்கு இடம் குறித்திருக்கிறேன். மார்ச் 31, ஞாயிறன்று தெரிந்த லாரிக்காரர் உங்கள் பக்கம் வருகிறார். உன் இரண்டாவது திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்திட்டவன் என்ற முறையில், இந்தப் புதுக் குடித்தனத்துக்கு ஏதேனும் செய்யும் உரிமை எனக்கு உண்டென்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமனார்


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

வரைபடம் கிடைத்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு, “நம்ம ரூமா இது? இவ்வளவு பெருசா இருக்கு” என்றார். சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

திட்டாமல் கேளுங்கள். ஒரு சுவருக்கு மஞ்சள் அடித்துவிட்டேன். ஒரே ஒரு சுவர்தான். பெயிண்ட் கடையில் யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று திருப்பிய டப்பா, பாதி விலைக்குக் கிடைத்தது. டப்பாவைத் திறந்ததும் எனக்கே கொஞ்சம் பயம்தான். இவர்தான், “நாள் பூரா லிப்ட் குழிக்குள்ள இருட்டுல நின்னு ரிப்பேர் பண்றேன். வீட்லயாவது கண்ணு கூசட்டும், அடிச்சிரு” என்றார்.

நான் வேலை செய்யும் தையல் கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளைச் சேர்த்துத் திரைச்சீலை தைத்தேன். ஒரு துண்டு போல இன்னொன்று இல்லை. முதலாளியம்மா எட்டிப் பார்த்து, “என்னடி இது, திரையா, கட்சி மாநாடா?” என்று கேட்டார். பழக்கடையில் வாங்கிய நான்கு மரப்பெட்டிகளைத் தேய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அலமாரி தயார். விளக்குக்கு மேல் மாட்டியிருக்கும் உருண்டைக் கண்ணாடி மூடி, பழைய லிப்டிலிருந்து கழற்றிப் போட்டது. மூன்று நாள் துலக்கினேன்.

பீரோ விஷயம். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா, அது இங்கே பொருந்தாது. கட்டில் இடிக்கிறது, கதவு முழுதாகத் திறக்காது. லாரிக்காரரை அலைக்கழிக்க வேண்டாம்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

உங்கள் மருமகள்


17 மார்ச் 1996, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

‘செவ்வாய்க்கிழமை’ என்று மட்டும் இட்ட உன் கடிதம் மார்ச் 15 அன்று வந்தது. செவ்வாய்க்கிழமைகள் பல உண்டு என்பதை மட்டும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

மஞ்சள் குறித்து எதுவும் சொல்வதாக இல்லை. சொல்லாமல் இருப்பதற்கு நான் எவ்வளவு பாடுபடுகிறேன் என்பதை நீ அறிவாய்.

பீரோ பொருந்தாது என்றாய். நேற்று பீரோவை மீண்டும் அளந்தேன். நீ அனுப்பிய அளவின்படி அந்தச் சுவரில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு ஆள் நின்று சட்டை மாற்றும் அளவு இடம் மிஞ்சுகிறது. கதவு திறக்கும் வளைவையும் தனித்தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறேன். அது கட்டிலைத் தொடவே இல்லை. படிக்கட்டின் திருப்பத்தில் தடங்கல் வருமோ என்று அஞ்சுகிறாயானால், பீரோவின் கால்களைத் தச்சர் கழற்றித் தருவார், பேசிவிட்டேன். உள்ளே அவனுடைய சட்டைகள் மடித்தபடி இருக்கின்றன. அவற்றை எடுப்பதா, அப்படியே அனுப்புவதா என்பதை மட்டும் எழுது.

நல்ல மரம், அம்மா. ஒருமுறை போனால் வாங்க முடியாது.

இப்படிக்கு,
உன் மாமனார்


20 மார்ச் 1996, புதன்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

தேதி போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பீரோ பொருந்தும். உங்கள் வரைபடம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இவர் டேப் வைத்து அளந்துவிட்டு, “தாராளமா நிக்கும், வரட்டும்” என்றார். நான் வேண்டாம் என்றேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “எனக்காக வேணாம்னு சொன்னா, அது தேவையில்ல. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்” என்றார். இவருக்காக இல்லை, மாமா. எனக்காக.

அந்தக் கதவைத் திறந்தால் கண்ணாடியில் உங்கள் மகன் தலை வாருவதைத்தான் பார்ப்பேன். அவரை மறக்க வேண்டும் என்று இல்லை. மறக்கவும் மாட்டேன். ஆனால் காலையில் புடவை எடுக்கும்போதெல்லாம் பார்க்க என்னால் முடியாது. அங்கே இருந்தபோது அந்த பீரோவைத் துடைத்துத் துடைத்தே நான் நாளை ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள்தான் ஒரு நாள் கையிலிருந்து துணியை வாங்கி வைத்துவிட்டு, “போதும்மா, வெளியே வேலைக்குப் போ” என்று சொன்னீர்கள்.

இந்த அறையில் இருப்பது எல்லாம் மட்டமான சாமான்தான். பழப்பெட்டி ஆடுகிறது. மஞ்சள் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொன்றையும் நான் பார்த்து, நான் வேண்டும் என்று வைத்தது. என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

ஏன் பொய் சொன்னேன் என்றால், பீரோ வேண்டாம் என்றால் உங்களையும் வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வீர்களோ என்று பயம். அதன் பிறகு கடிதம் நின்றுவிட்டால் எனக்குக் கேட்க என்ன பாத்தியதை இருக்கிறது? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நீங்கள் இப்போது எனக்கு என்ன முறை என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

இவரும் நேற்று அதையே கேட்டார். “அவர் வந்தா நான் என்னன்னு கூப்பிடறது? சார்னு சொன்னா நல்லா இருக்குமா?” என்றார். நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


7 ஏப்ரல் 1996, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் மார்ச் 23, சனிக்கிழமை கிடைத்தது. தாமதத்துக்குத் தபால் துறை பொறுப்பல்ல. லாரிக்காரரிடம் அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை உனக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். 31ஆம் தேதி முழுவதும் நீ வாசலைப் பார்த்தபடி இருந்திருப்பாய். அது என் பிழை.

மார்ச் 26 அன்று பீரோவைத் திறந்தேன். சட்டைகளைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. இப்போது அதில் என் துணிகள் இருக்கின்றன. கண்ணாடியில் ஒரு கிழவன் தெரிகிறான். முதல் சில நாட்கள் சிரமமாக இருந்தது. அந்தச் சிரமத்தைத்தான் லாரியில் ஏற்றி உன் அறைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போது விளங்கியது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. குடியிருக்கப் போகிறவர் சம்மதிக்கும் வரை எதையும் பென்சிலில்தான் போட வேண்டும். நான் பீரோவை மையில் போட்டுவிட்டேன். மையைப் பிளேடால் சுரண்டலாம். ஆனால் அந்த இடத்தில் தாள் மெலிந்து, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே புதுத் தாளில் வரைந்து இணைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துவிடு. இதில் சுவர்களும் சன்னலும் வாசலும் மட்டுமே உள்ளன. மற்றவை உன் பாடு. பழப்பெட்டி ஆடுகிறது என்றாயே, பின்பக்கம் குறுக்காக ஒரு பட்டை அடித்தால் நிற்கும். அதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை.

உன் கணவர் கேட்ட கேள்வியை நன்கு ஆராய்ந்தேன். ‘சார்’ வேண்டாம், அது அலுவலகத்தோடு போயிற்று. பெயர் சொல்லி அழைக்கும் வயது அவருக்கில்லை. மனைவியின் தகப்பனை ஒருவர் எப்படி அழைப்பாரோ அப்படியே, மாமா என்று, அவர் என்னை அழைக்கலாம். எல்லா முறைகளையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இதைவிடப் பொருத்தமானது அகப்படவில்லை. இதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அவர் அப்படி அழைத்தால் நீயும் மாமா என்று அழைப்பது முறையாகாது. உன் பங்குக்கு எதைத் திருத்த வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அவசரமில்லை.

ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். மஞ்சளைப் பார்த்தபின் வாய் திறக்க மாட்டேன் என்று உறுதி கூற இயலாது.

இப்படிக்கு,
உன் அப்பா

(கடைசிச் சொல் மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.)