உயிரோடிருப்பவளுக்கு மாலை

மகள் வீட்டிலேயே தங்கிவிட்டவளுக்கு,

உயிரோடிருக்கும் உன்னை விருதுநகர் மேடையில் மாலை போட்டுக் கொன்றுவிட்டார்கள்.

உன் மகள் எழில் வயலினில் வாசித்தது பழைய ஐரோப்பிய பரோக் இசையாம். அதை அமைத்த வெள்ளைக்காரர் ஓவியப் பித்தராம். அதனால் வாசிப்புக்கொரு ஓவியம் மேடையில் வேண்டுமாம். அதற்கு, நான் வரைந்த உன் படத்தை நம் வீட்டுச் சுவரிலிருந்து கேட்காமல் கழற்றிக்கொண்டு போனாள். மண்டபத்து மேனேஜருக்குப் படமென்றால் செத்தவர் படம்தான். சம்பங்கி மாலை போட்டு ஊதுபத்தியும் ஏற்றிவிட்டான்.

"ஏலே, அவ உசுரோட இருக்காலே!" என்று கத்தினேன்.

"துக்கம் இருக்கத்தான் செய்யும் அண்ணாச்சி, உக்காருங்க" என்றான் மடையன்.

இப்போது நம் ஊர் ஆமத்தூரே துக்கம் கேட்டு வருகிறது. நீ இல்லாத வீட்டைப் பார்த்து நம்பியும் விடுகிறார்கள்.

எழில் படத்தைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். மேனேஜர் தன் கையால் மாலையைக் கழற்ற வேண்டும். நீ வந்து, துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்