தர்ஷினி இரண்டு பக்கமும் பேசினாள்

அன்பு மாறாத கிரேஸ் அக்காவுக்கு,

பள்ளி ஆண்டு முடிந்துவிட்டது. ஆசிரியர் அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் மதியமே கிளம்பிவிட்டார்கள். எழுந்து போய்க் காரை எடுக்கக்கூட அலுப்பாக இருக்கிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நான் புலம்பினால் குறுக்கே பேசாமல் கேட்டவர் நீங்கள் ஒருவர்தானே?

நீங்கள் பள்ளியை விட்டுப் போன பிறகு ஆங்கிலப் பிரிவுத் தலைமை என் தலையில் விழுந்தது. உங்களுக்குப் பதிலாக ஆள் வரும், வரும் என்று சொல்லியே பாதி வருடம் ஓடிவிட்டது. உங்கள் ஐந்தாம் படிவ வகுப்பை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் படிவத்துக்கு உடற்கல்வி ஆசிரியர் ஹஃபிஸை அனுப்பினார்கள். பாவம், நல்ல மனிதர். ஒவ்வொரு இலக்கணப் பாடத்துக்கு முன்னாலும் என் மேசைக்கு வந்து தான் முதலில் படித்துவிட்டுப் போவார்.

கட்டுரைத் திருத்தம், எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்குப் பயிற்சி, கூட்டம், மறுபடியும் திருத்தம். ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைக்கும்போதும் விரலில் சிவப்பு மை இருக்கும். நீங்கள் இதையெல்லாம் எப்படி முகம் சுளிக்காமல் செய்தீர்கள்? இல்லை, சுளித்தீர்களா, நான்தான் கவனிக்கவில்லையா?

ஆண்டுத் தொடக்கத்தில் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். “ஆள் போதவில்லை விமலா. இந்த வருடம் ஆங்கில விவாதக் குழு வேண்டாம். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்” என்றார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உங்கள் முகம் நினைவுக்கு வந்தது, ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வாரமே, பள்ளி விட்ட பிறகு, மொழிக்கூடத்து வாசலில் மூன்று பேர் நின்றார்கள். நீங்கள் பொறுக்கி எடுத்த அதே மூன்று பேர்: ஐனா, வெய் ஜே, தர்ஷினி. உள்ளே உட்கார வைத்து, இந்த வருடம் குழு இல்லை என்று மெதுவாகச் சொல்லலாம் எனக் கதவைத் திறந்தேன். நான் வாயெடுப்பதற்குள் வெய் ஜே மேசைகளை எதிரெதிராக இழுத்துப் போட்டுவிட்டான். ஐனா தலைப்பு கேட்டாள். அன்றைக்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, அக்கா. போகிறவர் இப்படியா வேலை வைத்துவிட்டுப் போவது?

தர்ஷினி இப்போது நான்காம் படிவம். நீங்கள் சேர்த்தபோது வாயைத் திறந்தாலே குரல் நடுங்கும், நினைவிருக்கிறதா? அவள் அம்மா பத்மாவை நீங்கள் பார்த்ததில்லை. நியாலாஸ் பக்கம் தர்ஷினி படித்த தோட்டத்துத் தமிழ்த் தொடக்கப்பள்ளியில் அவர்தான் கேண்டீன் நடத்துகிறார். பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம், அவ்வளவு சின்னப் பள்ளி. அதை மூடப் போகிறார்கள் என்று வருடம் முழுக்கப் பேச்சு. மூடினால் பத்மாவின் பிழைப்பும் போய்விடும்.

எப்படியோ மாநில அரையிறுதி வரை வந்துவிட்டோம். போட்டி மலாக்கா டவுனில். சனிக்கிழமை என்பதால் பத்மாவும் எங்கள் பள்ளி வேனில் ஏறிக்கொண்டார். “ஒரு தடவையாச்சும் இவ பேசுறத பாக்கணும் டீச்சர். வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பேசுறா, என்னா ஏதுன்னு ஒண்ணும் புரியல” என்றார்.

அரையிறுதிக்குத் தலைப்பை அங்கேயேதான் கொடுப்பார்கள். உறையைப் பிரித்து வாசித்தார்கள்: மாணவர் குறைந்த பள்ளிகளை மூட வேண்டும். பிறகு நாணயம் சுண்டினார்கள். நமக்கு அரசாங்கத் தரப்பு விழுந்தது. மூட வேண்டும் என்று நம் பிள்ளைகள் வாதாட வேண்டும்.

தயாரிப்பு அறைக்குள் பயிற்சியாளர் போகக்கூடாது. தர்ஷினி கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? தலையாட்டினேன். போ என்று ஆட்டினேனா, வேண்டாம் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

முதல் பேச்சாளர் அவள்தான். பத்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் பேச ஆரம்பித்ததும் என் காதருகே குனிந்தார்.

“என்னா டீச்சர் பேசுறா?”

“சின்னப் பள்ளிக்கூடங்களப் பத்தி.”

“நம்ம ஸ்கூலு மாதிரியா?”

“ஆமா பத்மா.”

“வேணும்னுதானே சொல்றா?”

பொய் சொல்லியிருக்கலாம். மேடையில் அவள் சொல்லிக்கொண்டிருந்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அக்கா. ஒரே ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு வகுப்புக்குப் பாடம் நடத்துவது. பந்து விளையாட அணிக்கு ஆள் சேராதது. ஆறு வருடமும் ஒரே ஒரு தோழி, அவளோடு சண்டை போட்டால் பேச வேறு ஆள் இல்லாதது. எல்லாம் அவள் அனுபவித்தது. எதிரணிப் பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறவர்கள்தான், ஆனால் அப்படிப்பட்ட பள்ளிக்குள் கால் வைத்தவர்கள் அல்லர்.

“இல்ல பத்மா, மூடணும்னு பேசுறா. எந்தப் பக்கம்னு இவங்களா எடுக்க முடியாது. காசு சுண்டிக் குடுக்குறதுதான்.”

பத்மா மேடையில் நின்ற மகளைப் பார்த்தார். மடியிலிருந்த பையைச் சரியாக வைத்துக்கொண்டார்.

“நல்லா பேசுறாளா?”

“ரொம்ப நல்லா பேசுறா.”

“அப்ப சரி லா. பேசட்டும்.”

வென்றுவிட்டோம். சிறந்த பேச்சாளரும் அவள்தான். பெயரைக் கூப்பிட்டபோது ஐனா போய்ப் பதக்கத்தை வாங்கி வந்தாள், ஏனென்றால் தர்ஷினி மண்டபத்திலேயே இல்லை. பின்பக்கப் படிக்கட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். நீங்களாக இருந்தால் உங்கள் யாழ்ப்பாணத் தமிழில், “அழுது முடிச்சிட்டு வாரும் பிள்ளை, பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றிருப்பீர்கள். எனக்கு அதுவும் சொல்ல வரவில்லை. தள்ளி மட்டும் நின்றேன். பத்மாதான் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“டீச்சர் சொல்லிட்டாங்களா, நான் என்ன பேசுனேன்னு?” என்று தர்ஷினி கேட்டாள்.

“சொன்னாங்க.”

“நான் சொன்னது எல்லாம் நெஜம்மா. அதான் கஷ்டமா இருக்கு. பொய் சொல்லி ஜெயிச்சிருந்தா கூட இப்படி இருக்காது.”

“நெஜம்தான். அங்கயே கெடக்குற எனக்குத் தெரியாதா?” பத்மா பையைத் திறந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்தார். “ஆனா அம்புட்டுதான் நெஜமா? மிச்சம் ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப அதையும் பேசு. இப்ப இல்ல, வேன்ல போறப்ப. எனக்கு வெளங்குற மாதிரி தமிழ்ல பேசு. மொதல்ல சாப்புடு.”

மதியம் இறுதிச் சுற்றில் தோற்றோம். அநியாயம் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் நன்றாகப் பேசினார்கள், நம் பிள்ளைகள் களைத்திருந்தார்கள். நானும்தான். வேனில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜாசின் தாண்டியதும், “ம், ஆரம்பி” என்ற பத்மாவின் குரல் கேட்டது.

தர்ஷினி முதலில் சிரித்தாள். பிறகு இருக்கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அவள் தமிழில் வாதாடி நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் ஸ்கூலுக்கு வரலைன்னா வீடு தேடி வந்து கேப்பாங்க, என்றாள். வாய்ப்பாடு வராத பையனுக்காக மொத்த வகுப்பும் காத்திருக்கும், என்றாள். “செகண்டரி வந்து ரெண்டு வருஷம் எந்த டீச்சருக்கும் என் பேரு தெரியல. எஸ்டேட்டுப் பொண்ணுன்னுதான் சொல்வாங்க. பேரு சொல்லிக் கூப்ட்டது மொதல்ல கிரேஸ் டீச்சர்தான்.”

நான் கண்ணைத் திறக்கவில்லை.

பத்மா விடவில்லை. காலையில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி ஆகிவிட்டார். “அதெல்லாம் சரி. பெரிய ஸ்கூல்ல பந்து வெளையாட ஆள் இருக்கே, அதுக்கு என்னா சொல்ற?” தமிழ் தெரியாத வெய் ஜே கைப்பேசியில் நேரம் பார்த்து, முடிந்ததும் மணிக்குப் பதிலாக ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். ஐனா என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறாள் என்று மலாய் மொழியில் கேட்டாள். தூங்கியது போதும் என்று எழுந்து அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளுக்கு உடனே ஒரு மறுப்பு தோன்றிவிட்டது. வேன் தோட்டத்துக்குள் திரும்பும் வரை நான்கு பேரும் ஓயவில்லை.

அந்தப் பள்ளி அடுத்த ஆண்டு திறக்குமா என்று இன்னும் தெரியாது. போன மாதம் அங்கே பெற்றோர் கூட்டம் நடந்தது. கல்வி இலாகாவிலிருந்து வந்திருந்தார்கள். தர்ஷினி எழுந்து மலாயில் பேசினாளாம். பள்ளியின் குறைகளை எல்லாம் அவளே முதலில் சொன்னதும் அதிகாரிகள் நிமிர்ந்து பார்த்தார்களாம். பிறகு மற்றதைச் சொன்னாள். யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யோசிப்பார்களா, அக்கா? எத்தனை முறை நாமும் இந்தப் பதிலை வாங்கியிருக்கிறோம்.

இன்று காலை முதல்வர் மறுபடியும் கேட்டார். “அடுத்த வருடமாவது விவாதத்தை விட்டுவிடுங்களேன். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது” என்றார். தர்ஷினியும் மற்ற இருவரும் ஐந்தாம் படிவம் போகிறார்கள், எஸ்.பி.எம். இருக்கிறது, போட்டிக்கு வர முடியாது. மறுபடியும் குரல் நடுங்கும் பிள்ளைகளிலிருந்து தொடங்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே, குழு நடக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு வருத்தமாகவும் இருந்தது.

உங்களைப் போல நடத்த எனக்கு வராது. உடம்பில் அந்தத் தெம்பும் இல்லை. ஆனால் வரும் ஆண்டு முழுக்க நடத்துவேன், வந்து நிற்கிற பிள்ளை யாராக இருந்தாலும் பெயரைக் கேட்டுத்தான் உள்ளே உட்கார வைப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அதற்கு அடுத்த ஆண்டைப் பற்றி மட்டும் இப்போது கேட்காதீர்கள், அக்கா.

களைத்துப் போயிருக்கும் உங்கள் தங்கச்சி,
விமலா