பாதியில் நின்ற மஞ்சள் பை

கண்ணுக்குள்ளேயே இருக்கிற செல்வராஜ் அண்ணே,

கல்லறைத் திருநாளுக்கு உன் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பரளச்சியில் இன்னும் மழை இறங்கவில்லை. உன் மகள் ஸ்டெல்லா நர்சு படிப்பில் சேர்ந்துவிட்டாள், தெரியுமா?

வரப்புத் தகராறில் நாம் முகம் பார்க்காமல் திரிந்தபோதுதான் உனக்கு அந்த நோவு வந்தது. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய் ஈறிலும் மூக்கிலும் கசிகிறது என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன இருந்தாலும் நீ என் பெரியப்பா மகன் இல்லையா? நீ கிடந்த மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். ரத்தத்தைச் சோதித்தால், உனக்கும் எனக்கும் ஒரே குரூப்பு.

நான் கொடுத்தது சிவப்பு. அதில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை மட்டும் பிரித்து உனக்கு ஏற்றியது மஞ்சள்! வடித்த கஞ்சி மாதிரி ஒரு பை. என் உடம்புக்குள் இப்படி ஒன்றும் ஓடிக்கொண்டிருந்ததா? வாயைப் பிளந்து நின்றேன்.

பாதிப் பை இறங்கும்போதே உன் மேலெல்லாம் தடிப்பு எழும்பியது. உனக்குச் சொறிந்து மாளவில்லை. டாக்டரம்மா ஓடிவந்து குழாயை அடைத்து ஊசி போட்டார்.

மதினியின் அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார்: "பகையாளி ரத்தம் சேருமாலே? அதக் கழட்டி எறியச் சொல்லுங்க!"

என் வன்மம்தான் உனக்குள் ஏறிவிட்டது என்று நானே நம்பினேன் அண்ணே. உன்னைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"குரூப்பு சரியாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "தட்டணுவோட சேந்து வார தண்ணியில ஏதோ ஒண்ணு சிலருக்கு ஒத்துக்காது. மூச்சு நல்லாருக்கு, பிரஷரும் இறங்கல. தடிப்பு அடங்கட்டும், மிச்சத்த மெதுவா ஏத்தலாம்."

தடிப்பு அடங்கியது. ஆனாலும் மதினி வேண்டவே வேண்டாம் என்று அழுதார்கள்.

நீதான் ரத்தம் கசிகிற வாயைத் திறந்தாய். "ஏத்துங்கம்மா. என் தம்பி குடுத்தது. ஒரு சொட்டுக்கூட வீணாப் போகக்கூடாது."

சொட்டுச் சொட்டாக இறங்கியது. மறுநாள் உன் ஈறில் கசிவு நின்றிருந்தது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த இந்தக் கட்டையிலிருந்து எடுத்தது, இன்னொருவன் வாயில் போய்க் கசிவை அடைத்து நிற்கிறதே! ஆண்டவரே, இது என்ன வேலை! இன்றைக்கு நினைத்தாலும் புல்லரிக்கிறது.

அதற்கப்புறம் ஒரு வெயில் காலம்தான் உனக்குக் கிடைத்தது. அதற்குள் விட்ட பேச்சையெல்லாம் பேசித் தீர்த்தோம்.

இப்போதும் மதுரைக்குப் போய் ரத்தம் கொடுக்கிறேன். உடம்பு தாங்குகிறவரை கொடுப்பேன், இது சத்தியம். யாருக்குப் போகிறதோ தெரியாது. யாராக இருந்தாலும் எனக்கு அது நீதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நீ உரிமை சொன்ன,
உன் தம்பி
ஆரோக்கியம்