ஓட்டும்போது கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்

காவாந்தண்டலம்

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அமெரிக்காவில் நீயும் மருமகன் ஜெகனும் நல்லபடி இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து யாருடையது என்று பார்க்காதே, என்னுடையதுதான், சாயங்காலப் படிப்பில் கற்றது. கைநாட்டு வைத்த கை மகளுக்குக் கடிதம் எழுதுகிறது, நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை ஆகிவிடுகிறது. "இன்னா, நிலத்துக்குப் பத்திரமா எழுதிக்கினு கீற" என்று அம்மா கேலி செய்கிறாள். நடவில் குனிந்து குனிந்து அவளுக்கு முட்டி வீங்கியிருந்தது, இப்போது பரவாயில்லை.

உன் சித்தப்பா ஞானதாஸ்தான் படுத்துவிட்டான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, சித்தியோடு பேசியபடியே வாலாஜாபாத்திலிருந்து பைக்கில் வந்தவன், திருமுக்கூடல் பாலத்துக்கிட்டே மணலில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். நாங்கள் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்துகொண்டே "போனை நான் கையால தொடவே இல்லண்ணே, கேஸே ஆவாது" என்கிறான். "கேஸு ஆவாது சரி, காலு இன்னா ஆச்சு பாரு" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது. போன வாரம் நீ ஆஸ்பத்திரி டூட்டி முடித்துக் காரில் போய்க்கொண்டே பேசினாயே, நடுவில் ஒரு ஹாரன் சத்தம், அதோடு பேச்சு நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. அம்மா ஜெபத்துக்கு உட்கார்ந்துவிட்டாள், எனக்கு ஜெபமும் வரவில்லை. அங்கே யாரைக் கேட்பது, எந்த பஸ் ஏறி உன்னிடம் வருவது. அப்புறம் நீயே கூப்பிட்டு "டவர் இல்ல நைனா" என்று சிரித்தாய். நான் திட்டியதும், "இங்க சட்டம் ரெண்டு வகை கீது நைனா, ஒண்ணுல போனைப் பார்த்தாலே போலீஸ் வண்டிய நிறுத்தலாம், இன்னொண்ணுல வேற தப்பு எதனா பண்ணாத்தான் நிறுத்தலாம், எங்க ஸ்டேட்டு ரெண்டாவது வகை, பேஜார் இல்ல" என்றாய்.

அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் கண்ணு. அந்த வேறே தப்பு எது? சிவப்பு விளக்கைத் தாண்டுவதா, முன்னால் போகிற லாரியில் மோதுவதா? அது நடந்த பிறகு வந்து கேட்கிற சட்டம் எனக்கு எதற்கு? போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் ஊர்ச் சட்டம் எப்படியோ இருக்கட்டும், நம் வீட்டில் முதல் வகைதான். வண்டி இரைச்சல் காதில் விழுந்தாலே கட் பண்ணிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. உன் குரல் கேட்காத சாயங்காலம் எனக்கும் கஷ்டம்தான், ஆனாலும் நீ வண்டியிலிருந்து மறுபடி அடித்தால் எடுக்க மாட்டேன்.

கர்த்தர் உனக்கும் மருமகனுக்கும் வழித்துணையாக இருக்கட்டும். வீட்டு வாசலில் காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு கூப்பிடு. எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

உன் நைனா
ஏசுதாஸ்