வாலு எப்போது கன்று போடுவாள் என்று கேள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் இங்கே எனக்குச் சாப்பாடு இறங்கும், ஆகையால் உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவா கடிதம் எழுதுகிறார் என்று மயக்கம் போட்டு விழாதே, பக்கத்தில் நாற்காலி இருந்தால் இழுத்துப் போட்டு உட்கார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கையெழுத்து இப்படித்தான் இருக்கும், கோழி நடந்தது மாதிரி இருந்தாலும் கோழிக்குப் பின்னாலேயே போனால் விஷயம் புரிந்துவிடும். வீட்டில் இருக்கிற ஒரே போன் அம்மாவிடம் இருக்கிறது. அம்மா தொழுவத்தைப் பார்த்த அறையில் தனியாக இருக்கிறாள், அந்தக் கதவை நான் தாண்டக்கூடாது என்று நர்ஸம்மா உத்தரவு. வேறு யாரிடமாவது போன் கேட்கலாம் என்றால் நம் வாசலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்ததும் தெருவே எதிர்ப்பக்கம் ஏறி நடக்கிறது. தபால்காரர் ஒருத்தர்தான் தங்கமான மனுஷன், கவரை மதில்மேல் வெயிலில் வையுங்க, நல்லா காஞ்சதும் எடுத்துக்கிறேன் என்றார், ஏன்யா இது என்ன துவைத்துப் போட்ட துணியா என்று கேட்டேன், சிரித்தார், ஆனால் கிட்டே வரவில்லை.

உன்னிடம் அம்மா வெறும் சளி என்று சொல்லியிருப்பாள், நம்பாதே. அந்த நோய்தான். பயப்படாதே, காய்ச்சல் விட்டுவிட்டது, நர்ஸம்மா தினமும் வந்து விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் படி ஏறி வந்தவள் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறாள். ஊரையே அதட்டுகிற குரல், இப்போது ஜன்னல் வரைக்கும்தான் வருகிறது. உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே, வண்டி கிடையாது, வழியில் நிறுத்தி எங்கேயாவது அடைத்துவிடுவார்கள், பிறகு நான் இரண்டு ஜன்னலுக்கு நடுவில் ஓட வேண்டியிருக்கும்.

மாடுகளைக் கேட்கிறாயா, அது பெரிய கூத்து. உனக்குத்தான் தெரியுமே, நான் இத்தனை வருஷமாகப் பால் வண்டி ஓட்டினவன், பாலைக் கேனில் பார்த்திருக்கிறேனே தவிர மடியில் பார்த்ததில்லை, தொழுவம் முழுக்க அம்மா ராஜ்யம். அவள் படுத்த அன்று நர்ஸம்மா சொன்னபடியே முகக்கவசம் மாட்டி, கையில் அந்த மருந்துத் தண்ணியைத் தேய்த்து, பெரிய டாக்டர் மாதிரி நம் மூத்த பசு மகாராணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், ஒரே உதை, பாத்திரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடுத்த பசு, அவள் தங்கச்சி, அதற்கும் மேல், திரும்பிப் பார்த்துவிட்டுப் பாலை உள்ளேயே இழுத்துக்கொண்டது. அப்படியே விட்டால் பால் தேங்கி மடி கட்டிக்கொள்ளும். கடைசியில் அம்மா ஜன்னலில் இருந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு என் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கிட்டு, என் தலைத்துணியையும் கட்டிக்கிட்டுப் போங்க, என் வாசனைக்குத்தான் அதுங்க பால் விடும் என்றாள். மானத்தைப் பார்த்தால் மாட்டைப் பார்க்க முடியாது, மாட்டினேன். மகாராணி முகர்ந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, சரி போகட்டும் என்று பாலை விட்டது. எதிர்வீட்டு டெய்லர் மாடியில் நின்று, அண்ணே, இடுப்புல கொஞ்சம் பிடிச்சுத் தரட்டுமா என்று கத்துகிறான். ஊரடங்கு முடியட்டும், அவன் நாக்கைத்தான் பிடித்துத் தைக்கப்போகிறேன்.

கறந்து என்ன செய்ய. பால் சேகரிக்கிற நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள், என் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது, காக்கை அதன்மேல் குடித்தனம் நடத்துகிறது. சும்மா கொடுத்தால்கூட நோய் வீட்டுப் பாலை யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். வீட்டுக்கு எடுத்தது போக மீதியைத் தீவனப் புல்லுக்குத்தான் ஊற்றுகிறேன். ஒரு கேன் சரிந்தால் கிளீனரை ஊர் எல்லை வரை திட்டுகிறவன் நான், இப்போது என் கையாலேயே சாய்க்கிறேன், ஊற்றும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வீட்டுப் பெரியப்பா மாடுகளை விற்றுவிட்டார், தொழுவத்தில் பைக் நிற்கிறது. இன்னும் இரண்டு மூன்று வீட்டில் அதே பேச்சு. நிலையம் திறந்தாலும் கறக்க மாடு இல்லாவிட்டால் வண்டி எதற்கு இந்தப் பக்கம் திரும்பப்போகிறது, வண்டி வராவிட்டால் மிச்சம் இருக்கிறவனும் விற்றுவிடுவான். குடோன் கட்டப் புல் நிலம் கிடைக்குமா என்று ஒருத்தன் இந்த ஊரடங்கிலும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டுப் போனான்.

இப்போது சொல்வதை நிதானமாகப் படி. நேற்று மாட்டுத் தரகர் வேலிக்கு வெளியே வந்து நின்று, ரோடு திறந்ததும் லாரியோட வந்துடறேன், மூணையும் ஏத்திடலாம், அக்காவே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க என்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அம்மா. ஜன்னலில் போய்க் கேட்டால், பாலை வாங்க ஆள் இல்லை, பொண்ணு இனிமே இங்க வந்து சாணி அள்ளப் போறதில்லை, உங்களுக்கு நைட்டி இல்லாம ஒரு சொட்டு கறக்க வராது, நான் இல்லாமப் போனா அதுங்க கதி என்ன என்றாள். நானும் வழக்கம்போல, நீ போனால் நைட்டியை விட்டுவிட்டுப் போ, நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்குத் திட்டாமல் சிரிக்காமல் அவள் இருந்தது இதுதான் முதல் தடவை. மகளே, மாடு போவது எனக்குக் கவலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் மாட்டை மட்டும் விற்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றில் இருந்தும் கையை எடுத்துக்கொண்டு வருகிறாள். அதுதான் பயமாக இருக்கிறது, வெளியே சொல்லாமல் தொழுவத்தில் உட்கார்ந்து மகாராணியிடம் சொன்னேன், அது காதை ஆட்டிவிட்டு வைக்கோலைத் தின்றது.

அதனால் நீ ஒன்று செய். அம்மாவைக் கூப்பிட்டு விற்காதே என்று சொல்லாதே, அவளிடம் அது எடுபடாது. நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றும் பொய் சொல்லாதே, வருவாயா வரமாட்டாயா என்று உனக்கே தெரியாது, அது எனக்கும் தெரியும். நம் கிடாரி இருக்கிறாளே, மூன்று வருஷம் முன்னால் நீ வந்திருந்தபோது பிறந்தவள், உன் செல்லப்பெயரை வைத்து வாலு வாலு என்று அம்மா கூப்பிடுவாளே, உன்னைவிடச் சொன்ன பேச்சு கேட்கிறவள், அவள் முதல் சினை. எப்போது போடுவாள் என்கிற கணக்கு அம்மா மண்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதை மட்டும் கேள். வாலு எப்பம்மா கன்னு போடும், அப்பாவுக்கு என்ன தெரியும், யாரு பக்கத்துல நிக்கப் போறாங்க என்று கேள். தெரியாத மாதிரி தப்புத் தப்பாகக் கேள், அவளுக்குக் கோபம் வரட்டும், உன்னைத் திட்டட்டும். கன்றுக்காகக் காத்திருக்கிறவள் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவாள், தானும் எங்கேயும் போகமாட்டாள். அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, அவள் கோபப்பட்டால் எனக்குப் போதும்.

வெளியே போனால் மூக்கையும் சேர்த்து மூடு, வேளைக்குச் சாப்பிடு, தனியாக இருக்கிறோம் என்று கண்டதை நினைக்காதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதினேன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே, ஜன்னல் வழியாகச் செருப்பு வரும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இவ்வளவு நேரமா என்ன எழுதறீங்க என்று கேட்டாள், டெய்லருக்கு நைட்டி அளவு என்றேன். அதைக் காதிலேயே வாங்காமல், வாலுவுக்குப் புண்ணாக்கைக் குறைங்க, வயித்துல கன்னு பெருத்துடும் என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். கடிதம் கிடைத்த உடனே கூப்பிடு.

இப்படிக்கு,
பூப்போட்ட நைட்டியில் இருக்கும் உன் அப்பா